வாடியும் வாடிவீடும்

பாடசாலைத் தவணை முடிவடையும் நாட்களில் எமது ஆசிரியர் ஓய்வறைகளிலே வழமையான பேச்சொன்று ஆரம்பமாகின்றது. இம்முறை விடுமுறைக்கு எங்கே போவது? போகுமிடத்தில் எங்கே தங்குவது? நிலாவெளி, பாசிக்குடா, அறுகம்பை, பெந்தோட்டை, நுவரெலியா என்று ஊர்கள் அடுக்கப்படுகின்றன. அறைக்கு என்ன வாடகை, காலையுணவு சேர்ந்ததா, நீச்சற்குளம் உண்டா, சன்னலைத் திறந்தாற் கடல் தெரியுமா என்றெல்லாம் நுணுக்கமாக விசாரிக்கப்படுகின்றது. இவ்விசாரணையில் ஒரேயொரு கேள்வி மாத்திரம் எழுவதில்லை. அந்த விடுதி நிற்கும் நிலம் நேற்று யாருடையதாக இருந்தது என்பதே அக்கேள்வி.

அதனைக் கேட்க முற்படுபவரை நண்பர்கள் ஒருவித அனுதாபத்துடன் நோக்குகின்றனர். "ஓய்வெடுக்கப் போகிற இடத்திலும் அரசியலா? நாம் காசு கொடுக்கிறோம். அவன் அறை கொடுக்கிறான். தங்குமிடம் அவரவர் வசதியையும் ரசனையையும் பொறுத்தது" என்பது அவர்கள் தரும் விடை. செல்வந்தர் இவ்வாறு கூறினால் நாம் வியப்படைய மாட்டோம். ஆண்டு முழுவதும் வகுப்பறையிலும் சங்க மேடையிலும் உழைப்பின் மேன்மையைப் பேசுகின்ற எமது நண்பர்களும் இதையே கூறுகின்றனர் என்பதுதான் எம்மை எழுதத் தூண்டியது. தங்குமிடத்தைத் தெரிவு செய்தல் வெறும் ரசனைப் பிரச்சினை என்ற இக்கருத்தை நாம் முற்றாக மறுக்கின்றோம்.

மறுப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்குதல் அவசியம். நாம் ஓய்வுக்கு எதிரிகள் அல்லர். உழைப்பவனுக்கு ஓய்வு உரிமையானது. அவ்வுரிமையை எவரும் அவனுக்குத் தானமாக அளிக்கவில்லை. 1936ஆம் ஆண்டில் பிரான்சியத் தொழிலாளர் தொழிற்சாலைகளை இலட்சக்கணக்கிலே முடக்கிய பின்னரே ஆண்டுக்கு இரு வாரச் சம்பளத்துடனான விடுமுறை அங்கே சட்டமாயிற்று. பரம்பரை பரம்பரையாகக் கனவான்கள் மாத்திரம் அனுபவித்த கடற்கரையை ஆலைத் தொழிலாளர் பலர் அந்தக் கோடையிலேதான் முதன்முறையாகக் கண்டனர். ஆகவே, விடுமுறையே ஒரு போராட்டத்தின் விளைவு. அவ்வாறு பெற்ற விடுமுறையை இன்னொரு தொழிலாளியின் இழப்பின் மேல் விரிப்பு விரித்துப் படுத்துக் கழிப்பது நியாயமா என்பதே எமது வினா.

*

எமது கரையோரத் தமிழிலே 'வாடி' என்றொரு சொல் உண்டு. மீன்பிடிப் பருவத்திலே கரையில் தடியாலும் கிடுகாலும் அமைக்கப்படும் கொட்டிலை, தொழிலாளர் வலையைக் காயவைத்துச் சோறு பொங்கிப் படுத்தெழும்பும் இடத்தை, அது குறிக்கும். 'வாடிவீடு' என்று இன்னொரு சொல்லும் உண்டு. அந்நிய ஆட்சியின் உத்தியோகத்தர் ஊர் சுற்ற வருகையிலே தங்கிச் செல்வதற்கென எழுந்த வீட்டை அது குறித்தது. நாளடைவிலே பணமுள்ள பிரயாணிகளும் அங்கே தங்கலாயினர். சொற்கள் அண்டை வீட்டார் போல் நிற்கின்றன. ஆனால் ஒன்றிலே வசிப்பவன் மற்றொன்றினுள்ளே எடுபிடியாளாக அன்றி நுழைந்ததில்லை.

1966இல் இலங்கை உல்லாசப் பிரயாணச் சபை சட்டப்படி நிறுவப்பட்டது. 1968இல் உல்லாசப் பிரயாண அபிவிருத்திச் சட்டம் வந்தது. பெந்தோட்டையிலே திட்டமிட்ட முதலாவது உல்லாச நகரம் உருவாயிற்று. அந்நாள் முதல் இத்தீவின் கரை இரு கண்களாற் பார்க்கப்படுகின்றது. கடற்றொழிலாளியின் கண்ணுக்குக் கரை ஒரு தொழிற்களம். வள்ளம் ஏற்றுமிடம், வலை இழுக்குமிடம், கருவாடு காயுமிடம். விடுதி முதலாளியின் கண்ணுக்கு அது ஒரு காட்சி. காட்சியிலே கருவாட்டு மணத்துக்கு இடமில்லை.

இம்முரண்பாடு எவ்வளவு கூர்மையானது என்பதை 2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலையின் பின் நாடு முழுவதும் கண்டது. முப்பதினாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கடல் கொண்டுபோன கையோடு, கரையிலிருந்து குறித்த தூரத்துக்குள் எவரும் வீடு கட்டலாகாது என்ற விதியை அரசாங்கம் அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மக்களின் உயிர்ப் பாதுகாப்பே காரணம் என்றனர். அவ்வாறாயின் உல்லாசப் பிரயாணியின் உயிரும் உயிரன்றோ? விடுதிகளுக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. மீனவன் கட்டினால் ஆபத்து; ஹோட்டல்காரன் கட்டினால் அபிவிருத்தி! அறுகம்பையிலும் பிற இடங்களிலும் மக்கள் எதிர்த்தனர். விதி பின்னர் தளர்த்தப்பட்டது. எனினும் கரையை விட்டுச் சென்ற குடும்பங்கள் யாவும் கரைக்கு மீளவில்லை. கடல் ஒருமுறை அள்ளியதைக் காகிதம் மறுமுறை அள்ளிற்று.

போர் முடிவுற்ற 2009இன் பின் பாசிக்குடாவிலே நிலம் கூறு கூறாகக் குத்தகைக்கு விடப்பட்டு ஹோட்டல்கள் நிரையாக எழுந்தன. வள்ளம் ஏற்றும் இடம் சுருங்கிற்று என்று கடற்றொழிலாளர் முறையிட்டனர். கற்பிட்டித் தீவுகளுக்கு உல்லாசத் திட்டம் வந்தபோதும் அதே முறைப்பாடு எழுந்தது. இங்கே சட்டத்தைக் கூறி எம்மைச் சமாதானப்படுத்த முன்வருவோர் உளர். கடற்கரை அரசுக்குரியது, எந்த ஹோட்டலும் அதைத் தனியுடைமை என்று கூறமுடியாது என்பர். உண்மை. ஆனால் கரையைப் பூட்ட வேண்டியதில்லை. கரைக்குச் செல்லும் ஒழுங்கையைப் பூட்டினாற் போதும். வீதிக்கும் கடலுக்கும் இடையே அரை மைல் நீளத்துக்கு மதில் எழுந்த பின், மதிலுக்கு அப்பால் உள்ள மணல் பொதுச்சொத்து என்று ஏட்டில் எழுதியிருப்பதால் யாருக்குப் பயன்?

எமது குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆவணி விடுமுறையில் ஆசிரியர் சிலராக நாம் கிழக்குக் கரைக்குச் சென்று, மலிவாகக் கிடைத்தது என்ற மகிழ்ச்சியுடன் பெரியதொரு விடுதியிலே தங்கினோம். விடியற்காலையிலே கரைவலை இழுக்கும் ஓசை கேட்டு மணலுக்கு ஓடினோம். முப்பது பேர்வரை இரு கயிற்றிலும் நின்று இழுத்துக் கொண்டிருந்தனர். விடுதிக் காவலாளி வந்து, விருந்தினர் குளிக்க வரும் நேரமாகிறது, வலையைச் சற்று அப்பாற் கொண்டு போங்கள் என்றான். கடலுள் இறக்கிய வலையை அப்பாற் கொண்டு போவது எப்படி? அவர்கள் விடையிறுக்காமல் இழுத்தனர். நாம் புகைப்படம் எடுத்தோம்!

அன்று மதியம் எமக்குச் சோறு பரிமாறிய இளைஞன் எம்முள் ஒருவரைப் பார்த்துத் தயங்கி நின்றான். உயர்தர வகுப்பிலே அவரிடம் படித்தவன். தகப்பன் அந்தக் கரைவலையிலேதான் இழுப்பதாகக் கூறினான். "வேலை முடிந்தபின் இந்தக் கரையிலே வந்து இரு, ஆறுதலாகப் பேசுவோம்" என்று ஆசிரியர் அழைத்தார். அவன் சுற்றுமுற்றும் பார்த்து, "சேர், எங்களுக்கு இந்தப் பக்கம் வர ஏலாது" என்றான். எந்தக் கரையிலே தவழ்ந்து வளர்ந்தானோ அந்தக் கரை. எமக்கு அதன்பின் சோறு இறங்கவில்லை. நாம் கொடுத்த வாடகை எமக்கு ஓர் அறையை மாத்திரம் வாங்கித் தரவில்லை. அவன் வரமுடியாத ஒரு கரையையும் வாங்கித் தந்தது. வாங்கியவர் நாம். இதனை 'ரசனை' என்று எந்த முகத்துடன் கூறுவது?

*

கடலை விட்டு மலைக்குச் செல்வோம். குளிர் நாடி மலையகம் செல்லும் பிரயாணிக்கு இன்று புதிய கவர்ச்சியொன்று காட்டப்படுகின்றது. பழைய துரை பங்களாவிலே தங்கலாம். துரை அமர்ந்த நாற்காலியில் அமர்ந்து, துரை பார்த்த தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு தேநீர் அருந்தலாம். கந்தப்பளையிலே பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்று 1990களிலே ஹோட்டலாகவே மாற்றப்பட்டது. கட்டிடம் பாதுகாக்கப்படுவதில் எமக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் எந்த நினைவு பாதுகாக்கப்படுகின்றது என்று பாருங்கள். பங்களாவின் முன்றிலைக் கடக்கும்போது குடையை மடக்கியவனின் நினைவா? 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவனாக்கப்பட்டவனின் நினைவா? 1964இன் ஒப்பந்தத்தினாற் கப்பலேற்றப்பட்டவனின் நினைவா? இவற்றுள் ஒன்றுமில்லை. துரையின் மேசை விரிப்பே பாதுகாக்கப்படுகின்றது.

பங்களாவின் சரிவுக்குக் கீழே லயன் காம்பிராக்கள் இன்றும் உள. நூறாண்டு கடந்த கூரையின் கீழ் ஒற்றை அறையிலே மூன்று தலைமுறை உறங்கும் குடும்பங்களும் உள. நாட்சம்பளம் ஆயிரம் ரூபா வேண்டுமென்று தோட்டத் தொழிலாளர் ஆண்டுக்கணக்கிலே போராடி, 2021இலேதான் அத்தொகை வர்த்தமானியில் ஏறிற்று. பங்களாவிலே ஓர் இரவுக்கு அறவிடப்படும் தொகையை அச்சம்பளத்தால் வகுத்துப் பார்க்குமாறு எமது கணித ஆசிரியர்களை வேண்டுகின்றோம். விடையை மாணவருக்குக் கூறத் துணிவிருந்தால் அடுத்த விடுமுறைக்கு அங்கே தங்கட்டும்.

வடக்கிலே நிலைமை வேறு, வினா ஒன்றே. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் தமது ஊர்களை விட்டு அகன்றனர். அந்நிலங்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. பல்லாண்டுகள் இழுபட்டுப் பகுதி பகுதியாகவே விடுவிக்கப்பட்டன. நிலத்துக்குரியோர் நலன்புரி முகாம்களிலும் உறவினர் திண்ணைகளிலும் காலங்கழித்தபோது, காங்கேசன்துறைக் கடலோரத்திலே இராணுவம் தல்செவன என்ற உல்லாச விடுதியை நடத்திற்று. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடலுள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டை ஒரு காலத்திற் சிறைச்சாலை. அதனைக் கடற்படை விடுதியாக்கிற்று. சொந்த ஊருக்குத் திரும்ப அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதியவன் வேலிக்கு வெளியே. விடுமுறைக்கு வந்தவன் வேலிக்கு உள்ளே. யாருடைய கிணற்று நீரிலே குளிக்கின்றோம் என்று கேளாமல் அங்கே குளித்தவர்களுள் எமது படித்த நடுத்தர வகுப்பினரும் இருந்தனர் என்பது வெட்கத்துக்குரியது.

நீரைப் பற்றிக் கூறினோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலேறும். ஒருமுறை ஏறிய உவர் இலகுவில் இறங்காது. அத்தகைய நிலத்திலே நீச்சற்குளம் உள்ள விடுதியைத் தேடுபவர், அயலிலுள்ள தோட்டக்காரனின் வெங்காயப் பாத்தியை நினைத்துக்கொண்டு நீந்துவாராக.

*

எமக்கு எதிராகக் கூறப்படும் வாதங்களை இனி நோக்குவோம்.

முதலாவது, உல்லாசப் பிரயாணம் வேலை தருகின்றதே என்பது. தருகின்றது, நாம் மறுக்கவில்லை. எத்தகைய வேலை என்பதே கேள்வி. ஹோட்டற் தொழிலாளர் பலரின் அடிப்படைச் சம்பளம் அற்பமானது. சிட்டையிலே சேர்க்கப்படும் பத்து வீதச் சேவைக் கட்டணத்தின் பங்கே அவர்களுடைய வயிற்றை நிரப்புகின்றது. அதாவது, பிரயாணி வந்தாற் சாப்பாடு, வராவிட்டாற் பட்டினி. இலாபத்தை முதலாளி வைத்துக்கொள்ள, ஆபத்தைத் தொழிலாளி சுமக்கின்றான். 2018இல் இத்தீவுக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் ஏறக்குறைய 23 இலட்சம். 2019 ஏப்ரலில் நிகழ்ந்த குண்டுத் தாக்குதல்களின் பின்னும் நோய்த்தொற்றின் பின்னும் 2020இல் வந்தோர் ஏறக்குறைய 5 இலட்சம். இந்த வீழ்ச்சியிலே கட்டிடங்கள் நின்றன; நாட்கூலிக்கு அமர்த்தப்பட்டோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

இரண்டாவது, பெரிய ஹோட்டலை விட்டுச் சிறு விடுதியிலே, கிராமத்தவர் வீட்டிலே தங்கினாற் போதும் என்பது. இது நல்லெண்ணத்தின் வாதம். ஓரளவு உண்மையும் உடையது. மாலைதீவின் உதாரணத்தைப் பாருங்கள். 1972இல் அங்கே முதலாவது உல்லாச விடுதி திறக்கப்பட்டது. ஏறக்குறைய 1,200 தீவுகளுள் மக்கள் வாழ்பவை 200க்கும் குறைவு. ஆளில்லாத் தீவொன்று முழுவதையும் ஒரே விடுதிக்குக் கொடுத்துவிடுவது அங்கே வழக்கமாயிற்று. விருந்தினர் ஒரு தீவிலும் நாட்டு மக்கள் வேறொரு தீவிலும்! எமது இளைஞரும் வங்காளதேசத்து இளைஞரும் அவ்விடுதிகளிலே பணிபுரிகின்றனர். 2010 அளவிலேதான் மக்கள் வாழும் தீவுகளில் சிறு விடுதிகள் நடத்த வழி திறக்கப்பட்டது. மாபுஷி போன்ற தீவுகளிலே சாதாரண குடும்பங்களின் கைக்கும் பிரயாணியின் பணம் எட்டத் தொடங்கிற்று. இது முன்னேற்றமே.

ஆனால் 'சிறிது' என்பதனால் மாத்திரம் ஒன்று நல்லதாகிவிடாது. சிறு விடுதியின் சமையற்கட்டிலே சம்பளமின்றி உழைக்கும் மனைவியும், பாடசாலையை விட்டு விறாந்தை கூட்டும் பிள்ளையும், சேமலாப நிதியென்ற பெயரையே கேட்டறியாத வேலையாளும் இருக்கலாம். கரைவலையிலும் சம்மாட்டி பெரும்பங்கை எடுக்கவே செய்கின்றான். கிராமம் என்றவுடன் உருகிவிடுதல் யதார்த்தம் அன்று.

மூன்றாவது வாதம் பழம்பெருமை பேசுவோரிடமிருந்து வருகின்றது. "எமது முன்னோர் காசு வாங்காமல் வழிப்போக்கரைத் தங்கவைத்தனர். மடம் கட்டினர், சுமைதாங்கி நாட்டினர், பந்தலிலே மோர் வார்த்தனர். அப்பண்பாட்டுக்குத் திரும்புவோம்" என்கின்றனர். பருத்தித்துறையின் தெருமூடி மடத்தைப் பார்க்கும் எவருக்கும் அக்கொடையின் அழகு புலப்படும். ஆனால் அத்தகைய நிழல்கள் எல்லோருக்கும் ஒரே வகையாக விழுந்தனவா? தேநீர்க் கடையிலே சமமாக இருந்து குடிப்பதற்கும், 1968இல் மாவிட்டபுரக் கோயிலினுள் நுழைவதற்கும் எமது மக்களுள் ஒரு பகுதியினர் அடியுண்டு போராடவேண்டியிருந்ததே! பண்பாட்டை நாம் வெறுக்கவில்லை. அதிலே கதவு எங்கே திறந்திருந்தது, எங்கே மூடியிருந்தது என்று பிரித்தறிந்தே எடுத்துக்கொள்வோம்.

*

அவ்வாறாயின் எங்கே தங்குவது? வினாவைத் தொடுத்த நாம் விடையளிக்கக் கடமைப்பட்டவர்கள்.

பணம் கொடுக்குமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். இந்நிலம் யாருடையது? எப்படிப் பெறப்பட்டது? விடுதிக்கு அருகே கடலுக்குச் செல்லும் பொது ஒழுங்கை திறந்திருக்கின்றதா? ஊழியர்களுக்கு நியமனக் கடிதம் உண்டா? 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முதலாளி செலுத்தவேண்டிய 12 வீதம் அவர்களுடைய சேமலாப நிதிக்குச் சென்று சேர்கின்றதா? சேவைக் கட்டணம் முழுமையாகப் பங்கிடப்படுகின்றதா? ஊழியர் இரவில் எங்கே உறங்குகின்றனர்? மீனும் மரக்கறியும் ஊராரிடம் வாங்கப்படுகின்றனவா, கொழும்பிலிருந்து பெட்டியில் வருகின்றனவா? விடை தராத இடத்திலே தங்காதீர்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கின்றது என்பர் சிலர். நீச்சற்குளம் உண்டா என்று கேட்கக் கூசாத நாவுக்கு இது மாத்திரம் ஏன் கூச வேண்டும்?

எமது தெரிவு ஒன்றினாலேயே கரை மீண்டுவிடும் என்று நாம் மயங்கவில்லை. தனிமனிதன் தன் மனச்சாட்சியைக் கழுவிக்கொள்வதால் சமுதாயம் மாறுவதில்லை. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் தோட்டத் தொழிலாளரின் கூட்டுறவுகளும் தாமே விடுதிகளை நடத்துவதற்கு நிலமும் கடனும் வழங்கப்பட வேண்டும். கடலுக்குச் செல்லும் ஒழுங்கைகளைப் பிரதேச சபைகள் அளந்து கல் நாட்டிக் காக்க வேண்டும். ஹோட்டற் தொழிலாளர் சங்கம் அமைக்கும்போது ஆசிரியர் சங்கங்கள் அவர்களுடன் நிற்க வேண்டும். கல்விச் சுற்றுலாவிலே அயலூர்ப் பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்துப் படுத்தவர்கள் அல்லவா நாம்? பிள்ளைகளும் அதிபரும் வாகனச் சாரதியும் ஒரே பானைச் சோற்றைப் பகிர்ந்த அந்த இரவுகளைவிட நல்ல ஓய்வை எந்த ஹோட்டல் எமக்குத் தந்தது? பாடசாலைக்குப் பாடசாலை, சங்கத்துக்குச் சங்கம், விடுமுறை நாட்களிலே தங்குமிடம் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டை நாமே தொடங்கலாம். கிழக்குக் கரை ஆசிரியர் மலைக்கும், மலைப்பிள்ளைகள் கடலுக்கும் செல்லலாம். கடலை ஒருமுறையேனும் காணாத தோட்டத்துப் பிள்ளைகள் இத்தீவிலே இன்றும் இருக்கின்றனர்.

அந்த இளைஞனை நாம் மறக்கவில்லை. அவனுக்குப் புவியியல் கற்பித்தோம். இலங்கை நாற்புறமும் கடலாற் சூழப்பட்டது என்று மனனஞ் செய்வித்தோம். தேர்வுத்தாளிலே அதனைச் சரியாக எழுதிப் புள்ளியும் பெற்றிருப்பான். அக்கடலின் ஓரத்திலே அவன் வந்து அமர முடியாத இடத்தில், அவனுடைய ஆசிரியர்களாகிய நாம் அறையெடுக்கப் போவதில்லை. அடுத்த தவணை முடிவடைகின்றது. ஓய்வறைகளிலே பேச்சு ஆரம்பமாகட்டும். இம்முறை முதற்கேள்வி நிலத்தைப் பற்றியதாக இருக்கட்டும்.